யூடியூப் உங்களுக்கு எதைக் காட்டுகிறது, அதை மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

யூடியூபைத் திறந்தவுடன் ஒரே மாதிரி வீடியோக்கள் வந்து குவிகின்றனவா? ஒரு கட்சியின் பேச்சு, ஒரே வகை வைத்தியம், ஒரே வகைச் சண்டை என்று முகப்பு சுருங்கிவிட்டதா? வீட்டில் யாராவது அதில் பார்த்ததை நம்பி மாத்திரையை நிறுத்தும் யோசனையில் இருக்கிறார்களா? இந்த வழிகாட்டி உங்களுக்காகத்தான்.

பலருடைய போனில் இதைச் செய்து கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். நேராக வீடியோவின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தட்டி 'நாட் இன்டரஸ்டட்' (ஆர்வமில்லை) என்று வரிசையாக அமுக்குகிறார்கள். மறுநாளும் அதே வகை வீடியோ வந்ததும் "இது மாறாது" என்று விட்டுவிடுகிறார்கள். பரிந்துரை எந்தத் தகவலிலிருந்து வருகிறதோ, அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பட்டன்கள் அதற்கு அப்புறம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

போனில் இருக்கும் கூகுள் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வேண்டும். வீட்டு டிவியில் யூடியூப் இருந்தால் அது யாருடைய கணக்கில் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். ஒரு தாள், ஒரு பேனா. கம்ப்யூட்டர் இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நேரம்: முதல் நாள் நிதானமாக ஒரு மணி நேரம். அப்புறம் இரண்டு வாரம் கொஞ்சம் கவனம். ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை, ஏனென்றால் நீங்கள் அடுத்தடுத்துப் பார்ப்பதை வைத்துத்தான் அது புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

அம்மாவின் போனையோ மாமனாரின் போனையோ சரிசெய்யப் போகிறீர்கள் என்றால் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் மாற்றினால் ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிடும். பார்க்கிற பழக்கம் மாறவில்லையே!

மெனுக்களின் இடம் ஆப்பின் பதிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஆங்கிலத் திரையில் இருக்கும் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

2. எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

யூடியூப் ஆப்பில் கீழே வலது ஓரத்தில் உங்கள் படம் இருக்கும். அதைத் தட்டினால் கணக்கின் பெயர் தெரியும். 'ஸ்விட்ச் அக்கவுண்ட்' அழுத்தினால் வேறு கணக்குகள் இருக்கின்றனவா என்றும் தெரிந்துவிடும்.

நீங்கள் பார்த்தவற்றின் பதிவு கணக்கில்தான் சேர்கிறது, போனில் இல்லை. அப்பாவின் கணக்கு டிவியிலும் இருந்தால் பேரன் பார்க்கும் கார்ட்டூன், பாட்டி பார்க்கும் கோயில் நேரலை, மருமகள் பார்க்கும் சமையல் எல்லாம் அப்பாவின் கணக்கில்தான் போய்ச் சேரும். போனைச் சுத்தம் செய்துவிட்டு டிவியை மறந்தால் பாதி வேலை வீண்.

3. இப்போது வருவதை எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் முகப்பில் வரும் முதல் இருபது வீடியோக்களைத் தாளில் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் போதும்: எதைப் பற்றியது, நீங்கள் சப்ஸ்கிரைப் செய்த சேனலா, நீங்கள் எப்போதாவது தேடிய விஷயமா.

பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போகப் பார்ப்பார்கள். தாண்டாதீர்கள். இரண்டு வாரம் கழித்து ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஞாபகத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதோடு, எழுதும்போதுதான் பலருக்கு உறைக்கிறது: இருபதில் தான் தேடியது எவ்வளவு குறைவு, தானாக வந்தது எவ்வளவு அதிகம் என்று.

அடுத்து ஒரு சின்ன ஒப்பீடு. உங்கள் கணக்கிலிருந்து ஒரு விஷயத்தைத் தேடுங்கள். பிறகு பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னல் (உங்கள் பழைய பதிவுகள் சேராத தனி ஜன்னல்) திறந்து, லாகின் செய்யாமல், எழுத்து மாறாமல் அதே சொற்களைத் தேடுங்கள். இரண்டிலும் மேலே வரும் பத்தை அருகருகே எழுதுங்கள். முகப்பை முகப்போடு ஒப்பிட முயல வேண்டாம். பார்த்த பதிவு எதுவும் இல்லாத ஜன்னலில் யூடியூப் முகப்பு பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.

இதில் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இன்காக்னிட்டோவில் வருவது 'எல்லோருக்கும் பொதுவான உண்மையான பட்டியல்' இல்லை. இருக்கும் இடமும் மொழியும் அங்கேயும் வேலை செய்யும். உங்கள் பழக்கம் சேராதபோது என்ன வருகிறது என்று பார்க்க மட்டுமே அது உதவும்.

4. அது எதைக் கவனிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் அதிக நேரம் செலவிடுங்கள். இது புரியாமல் அடுத்த படிகளைச் செய்தால் எதை அழிப்பது, எதை விடுவது என்று தெரியாது.

யூடியூப் பொறியாளர்கள் தங்கள் பரிந்துரை முறையை 2016-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன்படி வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில், லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து சில நூறு மட்டும் பொறுக்கி எடுக்கப்படும். நீங்கள் பார்த்தது, தேடியது, உங்களைப் போன்ற பழக்கம் உள்ள மற்றவர்கள் பார்த்தது ஆகியவை அதற்கு ஆதாரம். இரண்டாம் கட்டத்தில் அந்தச் சில நூறும் தரவரிசைப்படும். எதை வைத்து? ஒரு வீடியோவைக் காட்டினால் நீங்கள் எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்ற கணிப்பை வைத்து.

எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு யூடியூப் 2012-லேயே முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. யூடியூபில் பார்க்கப்படும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் பரிந்துரைகளால் வருகிறது என்று அப்போது அதன் தயாரிப்புப் பிரிவுத் தலைவராக இருந்த நீல் மோகன் 2018-ல் சொன்னார். நாம் தேடிப் பார்ப்பதைவிட நம்மிடம் வந்து நிற்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு வீடியோ சொல்வது சரியா தப்பா என்பது அந்தக் கணிப்பில் இல்லை. கொடிய நோய்களுக்குப் போலி அதிசய வைத்தியம் சொல்லும் வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைப்போம் என்று யூடியூப் 2019 ஜனவரியில் அறிவித்தது உண்மைதான். ஆனாலும் அப்படிப்பட்டவை எல்லாம் வடிகட்டப்படுவதில்லை என்பதைச் சர்க்கரை நோய் உள்ள யாருடைய போனிலும் பார்க்கலாம்.

என் பெரியப்பாவின் முகப்பு முழுக்க 'ஏழே நாளில் சர்க்கரை போயே போச்சு' வகையறாவாக இருந்தது. "இதெல்லாம் நான் தேடவே இல்லையேப்பா" என்றார். அவர் சொன்னது நிஜம், தேடவில்லை. ஹிஸ்டரியை, அதாவது பார்த்தவற்றின் பதிவை, திறந்து காட்டினேன். வெந்தயத் தண்ணீர் பற்றி யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு லிங்க், கடைசி வரை பார்த்திருந்தார். அதன் கீழே ஆட்டோபிளேயில் தானாக ஓடிய நான்கு. எல்லாவற்றுக்கும் கீழே, எவ்வளவு பார்த்தோம் என்று காட்டும் சிவப்புக் கோடு முழுதாக ஓடியிருந்தது. வீடியோ ஓடும்போதே தூங்கிவிட்டார் என்பது அல்காரிதத்துக்கு (பரிந்துரைகளைத் தேர்ந்தெடுக்கும் நிரலுக்கு) தெரியாது. அதற்கு அது முழு ஆர்வம்.

கோபத்தில் பார்ப்பதும் இப்படித்தான். பிடிக்காத ஒரு பேச்சாளரைத் திட்டுவதற்காகவே அரை மணி நேரம் பார்த்து, கீழே கமெண்டும் போட்டால், அந்தச் சேனல் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றே பதிவாக வாய்ப்பு அதிகம். அரசியல் வீடியோக்களால் நிரம்பிய முகப்புகளில் நான் பார்த்தவரை பாதிக்கு இதுதான் காரணம்.

5. பார்த்த ஹிஸ்டரியில் களையெடுங்கள்

முக்கியமான படி இது. ஆப்பில் 'யூ' பக்கம் போய் 'ஹிஸ்டரி'க்கு அருகில் இருக்கும் 'வியூ ஆல்' தட்டுங்கள். மேலே தேடும் வசதி இருக்கும். வேண்டாத விஷயத்தின் பெயரை அதில் அடியுங்கள். வரும் ஒவ்வொரு வீடியோவின் மூன்று புள்ளியைத் தட்டி 'ரிமூவ் ஃப்ரம் வாட்ச் ஹிஸ்டரி' கொடுங்கள்.

ஒரே சொல்லை மூன்று விதமாகத் தேட வேண்டும். 'சர்க்கரை' என்று ஒரு முறை, 'சுகர்' என்று தமிழில் ஒரு முறை, அதையே ஆங்கில எழுத்தில் ஒரு முறை. நம் வீடியோக்களின் தலைப்புகள் மூன்று விதமாகவும் இருக்கும். ஒன்றில் மட்டும் தேடி அழித்தால் மிச்சம் அப்படியே கிடக்கும். தமிழ் பார்ப்பவர்கள் அடிக்கடி கோட்டை விடும் இடம் இது.

பட்டியல் மிக நீளம் என்றால் கூகுளின் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்துக்குப் போய் யூடியூபை மட்டும் தேர்ந்தெடுத்து, தேதி வாரியாக மொத்தமாக அழிக்கலாம். எந்த மாதத்தில் முகப்பு கெட்டுப்போனது என்று தெரிந்தவர்களுக்கு இது வசதி.

எல்லாவற்றையும் ஒரே அடியாக அழித்துவிடலாமா என்று கேட்பார்கள். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணக்கு என்றால் வேண்டாம். நல்ல சேனல்களை நீங்கள் பார்த்த தடயமும் சேர்ந்தே போய்விடும். பல பேர் கலந்து பயன்படுத்திய கணக்கு என்றால் மட்டும் 'கிளியர் ஆல் வாட்ச் ஹிஸ்டரி' சரி. அதில் யார் பார்த்தது எது என்று பிரிக்கவே முடியாது.

ஹிஸ்டரி பதிவையே நிரந்தரமாக நிறுத்தி வைப்பது இன்னொரு வழி. 2023 ஆகஸ்டிலிருந்து, ஹிஸ்டரி நிறுத்தப்பட்டு, பழைய பதிவும் அதிகம் இல்லையென்றால் யூடியூப் முகப்பில் பரிந்துரைகளையே காட்டுவதில்லை. தேடும் பெட்டிதான் இருக்கும். தேடி மட்டுமே பார்ப்பவர்களுக்கு இது நிம்மதியான ஏற்பாடு, நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் பெரியவர்கள் பலர் "யூடியூப் கெட்டுப்போச்சு" என்று பயந்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

6. தேடிய ஹிஸ்டரி, லைக், சப்ஸ்கிரிப்ஷன்

தேடிய சொற்கள் தனிப் பதிவு. பார்த்ததை அழித்தால் அது அழியாது. 'மை ஆக்டிவிட்டி' பக்கத்திலேயே அதையும் தேடி நீக்குங்கள்.

அப்புறம் 'லைக்டு வீடியோஸ்' பட்டியல். உறவினர் அனுப்பினார் என்று போட்ட லைக்குகளை எடுத்துவிடுங்கள். 'சப்ஸ்கிரைப் பண்ணுங்க' என்று கடைக்காரர் கேட்டதற்காகச் செய்த சேனல்கள், தேர்தல் நேரத்தில் சேர்த்த சேனல்கள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, வேண்டாததை விலக்குங்கள்.

7. இப்போதுதான் பட்டன்கள்

மூன்று புள்ளி மெனுவில் இரண்டு பட்டன் உண்டு. 'நாட் இன்டரஸ்டட்' அந்த வீடியோவை விலக்கும். 'டோன்ட் ரெகமெண்ட் சேனல்' அந்தச் சேனலைப் பரிந்துரையிலிருந்து விலக்கும்.

இரண்டும் ஒரே பலம் கொண்டவை இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குப் பின்னால் இருக்கும் மொஸில்லா அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் யூடியூப் தரவைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொன்னது போன்ற வீடியோக்கள் மறுபடி வருவதை 'டோன்ட் ரெகமெண்ட் சேனல்' 43 சதவீதம் தடுத்தது. ஹிஸ்டரியிலிருந்து நீக்குவது 29 சதவீதம். டிஸ்லைக் 12, 'நாட் இன்டரஸ்டட்' 11. இந்த ஆய்வு முறையை யூடியூப் ஏற்கவில்லை. பயனர் ஒரு வீடியோவை வேண்டாம் என்றால் அந்தத் தலைப்பு முழுவதையும் தடுப்பது தங்கள் நோக்கமில்லை என்பது அவர்கள் பதில். அந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொண்டாலும் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: 'நாட் இன்டரஸ்டட்'டை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

அதனால் ஒரு சேனல் மொத்தமாக வேண்டாம் என்றால் தயங்காமல் 'டோன்ட் ரெகமெண்ட் சேனல்'. நல்ல சேனலில் ஒரு வீடியோ மட்டும் வேண்டாம் என்றால் 'நாட் இன்டரஸ்டட்', பிறகு கேட்கும் காரணத்தையும் சொல்லுங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்பதும் பிடிக்கவில்லை என்பதும் வேறு வேறு செய்தி.

வீடியோவைத் திறந்து பார்த்துவிட்டு டிஸ்லைக் போடுவது இருப்பதிலேயே மோசமான வழி. திறந்ததே ஹிஸ்டரியில் ஏறிவிடும். முகப்பில் இருக்கும்போதே, திறக்காமலே, விலக்குங்கள்.

8. ஆட்டோபிளேயை அணையுங்கள், கணக்குகளைப் பிரியுங்கள்

வீடியோ ஓடும் திரையிலேயே ஆட்டோபிளே ஸ்விட்ச் இருக்கும். அதை அணைக்காவிட்டால் நீங்கள் தேர்ந்தெடுக்காத வீடியோக்கள் உங்கள் விருப்பமாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். பெரியப்பாவின் போனில் நடந்தது அதுதான். போனிலும் டிவியிலும் தனித்தனியாக அணைக்க வேண்டும்.

டிவியில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு சேர்த்துவிடுங்கள். விருந்தினர் வந்தால் லாகின் இல்லாமல் பார்க்கும் வழியைக் காட்டுங்கள். சின்னக் குழந்தைகளுக்கு யூடியூப் கிட்ஸ் தனி ஆப். ஆப்பில் கணக்குப் படத்தின் வழியாகப் போனால் 'டர்ன் ஆன் இன்காக்னிட்டோ' கிடைக்கும். போனை யாரிடமாவது கொடுக்கும்போதும், வாட்ஸ்அப்பில் வந்த சந்தேகமான லிங்கைப் பார்க்கும்போதும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

9. வேண்டியதை உள்ளே கொடுங்கள்

வேண்டாததை நீக்கியதோடு நிறுத்திவிட்டால் அந்த இடத்தை ஊர் முழுக்கப் பிரபலமான ஏதோ ஒன்று நிரப்பும். முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் நம்பும் சேனல்களைப் பெயர் சொல்லித் தேடி, சப்ஸ்கிரைப் செய்து, ஒன்றிரண்டு வீடியோவைக் கடைசி வரை பாருங்கள். தினமும் முகப்புக்குப் போகாமல் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பக்கத்துக்குப் போகப் பழகுங்கள். அங்கே நீங்கள் சேர்த்த சேனல்களின் வீடியோக்கள் புதியது முதலில் என்ற வரிசையில் வரும்.

தேடும் சொல்லிலும் கவனம் வேண்டும். 'சர்க்கரை நோய் குணமாக வெந்தயம்' என்று தேடினால், குணமாகும் என்று சொல்பவர்கள்தான் வருவார்கள். அவர்கள் தலைப்பில்தான் அந்தச் சொற்கள் இருக்கும். மறுத்துப் பேசும் மருத்துவர் தன் வீடியோவுக்கு அப்படித் தலைப்பு வைத்திருக்க மாட்டார். முடிவைச் சொல்லாமல் தேடுங்கள்: 'நீரிழிவு உணவுமுறை மருத்துவர்', 'எச்பிஏ1சி என்றால் என்ன' (கடந்த சில மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அது). இப்படித் தேடினால் வேறு ஆட்கள் வருவார்கள். அரசியலுக்கும் இதே முறைதான். 'ஊழல்', 'அம்பலம்', 'பதிலடி' ஆகிய சொற்களை விட்டுவிட்டு, சட்டத்தின் பெயரையோ திட்டத்தின் பெயரையோ மட்டும் அடியுங்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் முகப்பு மாறும்வரை காத்திருக்க வேண்டாம். யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

10. இரண்டு வாரம் கழித்து

பழைய தாளை எடுங்கள். மறுபடி முதல் இருபதை எழுதுங்கள். வேண்டாத வகை வெகுவாகக் குறைந்திருந்தால் சரி, போதும். ஒன்றுகூட வரக் கூடாது என்று எதிர்பார்க்காதீர்கள்.

பிறகு 'ஆட்டோ டிலீட்' வசதியைப் போட்டுவிடுங்கள். 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று மூன்று தேர்வு உண்டு. நான் 3 மாதத்தைச் சொல்வேன். மகனின் பரீட்சைக்காக, வீடு கட்டுவதற்காக என்று அந்தந்தக் காலத்தில் தேடியவை வருடக்கணக்கில் தங்கி முகப்பைத் தீர்மானிக்க வேண்டியதில்லை.

மற்ற ஆப்களிலும் இதே வரிசையைப் பின்பற்றலாம். இன்ஸ்டாகிராமில் பரிந்துரைகளை முழுதாக ரீசெட் செய்யும் வசதி 2024 இறுதியில் வந்தது. ஃபேஸ்புக்கில் 'ஃபீட்ஸ்' பக்கமும் எக்ஸில் (பழைய ட்விட்டர்) 'ஃபாலோயிங்' பக்கமும் நீங்கள் பின்தொடர்பவர்களுக்கானவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்களுக்கு இன்னும் ஒரு வழி உண்டு. உங்கள் பழக்கத்தை வைத்துக் கணிக்காத ஒரு பரிந்துரை முறையை மிகப் பெரிய தளங்கள் தந்தே ஆக வேண்டும் என்று அங்குள்ள டிஜிட்டல் சேவைகள் சட்டம் சொல்கிறது. ஆப்பின் செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள்.

11. இவ்வளவு செய்தும் மாறவில்லை என்றால்

பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். டிவியில் பழைய கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அல்லது ஒரே மின்னஞ்சலில் இரண்டு யூடியூப் சேனல் இருந்து, நீங்கள் ஒன்றைச் சுத்தம் செய்துவிட்டு இன்னொன்றில் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இல்லையென்றால் ஷார்ட்ஸ் எனப்படும் குட்டி வீடியோக்கள். அதில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது எதில் நின்றோம் என்று நமக்கே நினைவிருக்காது. ஹிஸ்டரியில் ஷார்ட்ஸைத் தனியாகப் பார்த்து, அங்கேயும் 5-ஆம் படியைச் செய்யுங்கள்.

மூன்றும் இல்லையென்றால் புதுக் கணக்கு தொடங்குங்கள். தொடங்கியதும் முகப்பில் ஏதாவது வந்தால் தட்டாதீர்கள். முதலில் ஆட்டோபிளேயை அணைத்து, நம்பும் சேனல்கள் பத்துப் பன்னிரண்டைத் தேடிச் சேர்த்து, அதற்கப்புறம் முதல் வீடியோவைப் பாருங்கள். பழைய கணக்கைப் போனிலிருந்தும் டிவியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் தெரியாமல் பழையதிலேயே பார்த்துக்கொண்டிருப்போம்.